ஈரமும் நேரமும்: போத்தனூர் அடுப்படிகளின் கணக்கு

கோவையின் போத்தனூரில் ஓர் அடுப்படி எவ்வளவு சுத்தமாக இருக்கும் என்பதை அந்த வீட்டார் மட்டும் முடிவு செய்துவிட முடியாது. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதும் அதில் சேர்த்தி. கிழக்கே வெள்ளலூர். ரோமானியக் காசுகள் கிடைத்ததற்காக வரலாற்று நூல்களில் இடம்பிடித்த அதே வெள்ளலூரில்தான், சுமார் 650 ஏக்கர் மாநகராட்சி நிலத்தில் கோவையின் குப்பைக் கிடங்கு இருக்கிறது. நகரம் நாள்தோறும் கழிக்கும் ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட குப்பையில் பெரும்பகுதி பல ஆண்டுகளாக இங்கே வந்துதான் குவிந்தது. நாற்றம், புகை, ஈ என்று சுற்றுவட்டார மக்கள் முறையிட்டு, விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2024 ஏப்ரலில் அங்கே பிடித்த தீ பல நாட்கள் புகைந்தது. பழைய குப்பை மலையைச் சலித்துப் பிரிக்கும் வேலை ஒருபுறம் நடந்தாலும், கோணவாய்க்கால்பாளையம், வெள்ளலூர், போத்தனூர்ப் பக்கத்து வீடுகளில் "ஈ மொய்க்குதுங்க" என்ற புலம்பல் ஓய்ந்தபாடில்லை.

வீட்டு ஈக்குப் பல் கிடையாது. கெட்டியான பொருளின் மேல் எச்சிலையும் வயிற்றில் இருப்பதையும் கக்கி, கரைத்து, பிறகு உறிஞ்சும். ருசி பார்ப்பது காலால். கிடங்கிலும் சாக்கடையிலும் நின்றுவிட்டு வந்த கால்கள்தான் மூடாமல் வைத்த தேங்காய்ச் சட்னியின் மேலும் நடக்கின்றன. ஒரு பெண் ஈ ஒரு தடவைக்குச் சுமார் நூறு முட்டை இடும். நம் ஊர் வெயிலில் அந்த முட்டை ஈயாகிப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும். அதற்கு வேண்டியதெல்லாம் அழுகுகிற ஈரப்பொருள். கிடங்கில் அது மலையாகக் கிடக்கிறது என்பது உண்மைதான். அதற்காக, மூடியில்லாத கூடையில் மூன்று நாளாகக் கிடக்கும் மாம்பழத் தோலையும் மீன் செதிலையும் கணக்கிலிருந்து விட்டுவிட முடியாது.

வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ பாதி மட்கும் குப்பை. அது பெரும்பாலும் பிறப்பது அடுப்படியில். திடக்கழிவு மேலாண்மை விதிகள் அதைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்கின்றன. பிரித்துக் கொடுத்தால் அது உரமாகப் போக வழியுண்டு. பிளாஸ்டிக்கோடு கலந்து கேரி பேக்கில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தால் காற்றில்லாமல் அழுகி, கிடங்குக்குப் போய் ஈயையும் நாற்றத்தையும் பெருக்கும். கிடங்கு வேண்டாம் என்று கொடி பிடிக்கிற தெருவிலேயே கலந்த குப்பைப் பை தொங்குவதைப் பார்க்கிறபோது, தூய்மைப் பணியாளர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை.

முன்பு இந்தச் சிக்கல் எழுந்ததே இல்லை. காய்த்தோல், கழனித் தண்ணீர், மிஞ்சிய சோறு எல்லாம் வீட்டுக்குப் பின்னால் பொடக்காணியில் இருந்த தொட்டிக்குப் போகும், மாடு குடித்துவிடும். மாடு போய்விட்டது, பொடக்காணியும் பல வீடுகளில் கார் நிறுத்துமிடமாகிவிட்டது, காய்த்தோல் மட்டும் அப்படியே இருக்கிறது. ஓட்டையுள்ள பழைய வடிகூடையில் காய்க்கழிவை முதலில் நீர் வடியவிட்டு, பிறகு மூடியுள்ள வாளிக்கு மாற்றினால் நாற்றம் குறையும். ஈரம் குறைந்தால் புழு வைப்பதும் குறையும். இரண்டடி மண் இருக்கும் வீட்டில் குழி தோண்டி, ஒரு கை கழிவுக்கு ஒரு கை மண் என்று மூடி வந்தால் கறிவேப்பிலைச் செடிக்கு உரம் ஆயிற்று. அடுக்குமாடிக் குடியிருப்பில் மண்ணுக்குப் பதில் தேங்காய் நார்த்தூள்.

அடுப்படிச் சுத்தம் உயிர்ப் பிரச்சினையாக இருந்த காலம் கோவைக்கு அவ்வளவு பழையதும் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பிளேக் இந்த நகரத்தைத் திரும்பத் திரும்பத் தாக்கியது. அந்தப் பயத்தில் எழுந்த பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் நகரில் இருக்கின்றன. எலியின் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சி பரப்பும் நோய் அது. எலிக்கு வேண்டியது தானியமும் ஒளிய இடமும். வீட்டில் இரண்டுமே கிடைக்கும். பிளேக் போய்விட்டாலும் எலியின் சிறுநீர் வழியே பரவும் எலிக்காய்ச்சல் தமிழகத்தை விட்டுப் போகவில்லை. கழுவிய போசியையும் வட்டலையும் ராத்திரி கவிழ்த்து வைக்கிற பாட்டிகளின் பழக்கத்துக்கு இது ஒன்றே போதிய காரணம்.

இன்றைய வீடுகளில் சுத்தம் என்றால் பெரும்பாலும் பளபளப்பு. கிரானைட் மேடை முகம் பார்க்கிற மாதிரி மின்ன வேண்டும், டைல்ஸில் எண்ணெய்க் கறை கூடாது, சிம்னி பளிச்சென்று இருக்க வேண்டும். இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் எண்ணெய்க் கறையால் வயிற்றுப்போக்கு வந்தவர் யாருமில்லை. உலகில் ஆண்டுக்கு 60 கோடிப் பேர் கெட்ட உணவால் நோய்வாய்ப்படுகிறார்கள், 4 லட்சத்து 20 ஆயிரம் பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் மதிப்பிட்டது. இறப்பவர்களில் 1 லட்சத்து 25 ஆயிரம் பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இத்தனைக்கும் காரணமான கிருமிகளில் பல கேட்பது இரண்டுதான்: கொஞ்சம் ஈரம், கொஞ்சம் நேரம். நாம் பளபளப்பைத் துடைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் இரண்டும் இருப்பதில்லை.

இரண்டும் சேர்ந்து இருக்கும் முதல் இடம் தண்ணீர்ப் பாத்திரம். சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பற்றிக் கோவைக்காரர்கள் பேசத் தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம். சிறுவாணி, பில்லூர், ஆழியாறு என்று எங்கிருந்து வந்தாலும், பல தெருக்களில் தண்ணீர் தினமும் வருவதில்லை. விட்டு விட்டு வருவதால் சம்ப், டிரம், குடம், சிண்டெக்ஸ் என்று பிடித்து வைக்கிறோம். குழாயில் வரும்போதே கிருமி கலந்திருந்த தண்ணீர் வீட்டுக்குள் வந்தபின் மேலும் கெடுகிற கதையை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி சார்ந்த ஆய்வாளர்கள் 2004-ல் எழுதினார்கள். அவர்கள் பார்த்த வீடுகளில் மூன்றில் இரண்டு பங்கில், பிடித்து வைத்த தண்ணீரில் கிருமி கூடியிருந்தது. வைத்திருந்த காலம் ஒரு நாளிலிருந்து ஒன்பது நாள் வரை. பித்தளைப் பாத்திரத்தில் வைத்தவர்கள் வீட்டில் மட்டும் கிருமி குறிப்பிடத்தக்க அளவு குறைவு. பித்தளையில் இருப்பது செம்பு. செம்புப் பாத்திரத்தில் 16 மணி நேரம் வைத்த தண்ணீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் வளர முடியாமல் போனதைப் பெங்களூர் ஆய்வாளர்கள் 2012-ல் காட்டினார்கள். பாட்டி வீட்டுக் குடத்தைப் பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போட்ட குடும்பங்கள் இதைப் படிக்காமல் இருப்பது நல்லது.

பித்தளைக் குடம் இல்லாவிட்டாலும் குடிமுழுகிப் போகாது. கிருமி உள்ளே இறங்கும் வழி கை. குடத்துக்குள் சொம்பை முக்கி எடுக்கும்போது விரலும் நனைகிறது. நீண்ட காம்பு வைத்த கரண்டி, அல்லது அடியில் குழாய் பொருத்திய எவர்சில்வர் டிரம் இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். இன்னொன்று, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இடும் முட்டை தண்ணீர் மட்டத்துக்கு மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. காய்ந்த முட்டை மாதக்கணக்கில் காத்திருந்து, அடுத்த முறை நனைந்ததும் பொரியும். அதனால்தான் வாரம் ஒருமுறை உள்ளே தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள். டெங்குத் தடுப்புப் பணியாளர்கள் வீட்டுக்குள் வந்ததும் ஃபிரிட்ஜைப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பது வீட்டாருக்கு வேடிக்கையாக இருக்கும். அவர்கள் தேடுவது ஃபிரிட்ஜின் பின்பக்கம் நீர் சொட்டும் தட்டு. அப்படியொரு தட்டு இருப்பதே பல வீடுகளில் அன்றைக்குத்தான் தெரியவரும்.

அடுத்தது கிரைண்டர். இதைப் பற்றிப் பேச கோவைக்கு உரிமை அதிகம். மாவரைக்கும் இயந்திரம் 1955-ல் கோவையைச் சேர்ந்த சபாபதியின் கையில் பிறந்தது என்பார்கள். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆட்டுக்கல்லில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிக் கழுவினால் தீர்ந்தது. கிரைண்டரில் குழவியைத் தாங்கும் தண்டு, வழிக்கும் பிளாஸ்டிக் தகடு, டிரம்மின் நடு அச்சு என்று மாவு ஒளிய இடங்கள் பல. இரண்டு நாள் கழித்து மூடியைத் திறக்கும்போது வருகிற புளித்த வாடை அங்கிருந்துதான்.

இங்கே மாவுக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டும். இட்லி மாவில் வளரும் நுண்ணுயிர்கள் நம் எதிரிகள் அல்ல. 1965-ல் முகர்ஜியும் ஸ்டெயின்கிராஸ் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்களும் இட்லி மாவைப் பொங்க வைப்பது லியூகோனோஸ்டாக் மெசென்டராய்ட்ஸ் என்ற பாக்டீரியா என்று கண்டறிந்தார்கள். அது வெளியிலிருந்து வருவதில்லை. உளுந்திலும் அரிசியிலுமே இருக்கிறது, ஊறும்போது பெருகுகிறது. அது உண்டாக்கும் அமிலம் மாவைப் புளிக்க வைப்பதோடு பல கெட்ட கிருமிகளையும் தலையெடுக்க விடாமல் அடக்குகிறது. ஆக, நேற்றைய மாவு ஆபத்தில்லை. குழவித் தண்டில் காய்ந்து, பூசணம் பிடித்து, கரப்பான் மேய்ந்த பழைய மாவு புது மாவோடு சேர்ந்து அரைபடுவதுதான் ஆபத்து. அரைத்த கையோடு குழவியைக் கழற்றித் தேய்த்து, மூடாமல் காயவைத்தால் போதும். சந்தகை பிழியும் அச்சுக்கும் இதே விதி. அதன் கண்களில் மாவு காய்ந்துவிட்டால் ஊசி கொண்டுதான் குத்தி எடுக்க வேண்டும். பிழிந்த உடனே வெந்நீரில் போட்டால் அந்த வேலை மிச்சம்.

மாவு தன்னைத் தானே காத்துக்கொள்ளும். சோற்றுக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது. அரிசியோடு வயலிலிருந்தே வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெந்து, வெதுவெதுப்பாக ஆறிக் கிடக்கும் மணிக்கணக்கான நேரத்தில் அவை முளைத்து, வாந்தி வரவழைக்கும் ஒரு நஞ்சைச் சுரக்கும். 1970-களில் இங்கிலாந்தில் சீன உணவகங்களின் பிரைட் ரைஸ் சாப்பிட்டவர்கள் வரிசையாக வாந்தியெடுத்தபோதுதான் இது பிடிபட்டது. முதல் நாள் வடித்த சோற்றை அறையிலேயே ஆறவிட்டு மறுநாள் வறுத்துக் கொடுத்திருந்தார்கள். அந்த நஞ்சு வறுத்தாலும் போகாது, குக்கரில் வைத்தாலும் போகாது. "சூடு பண்ணிட்டா ஒண்ணும் ஆவாது" என்ற நம்பிக்கை இந்த இடத்தில் எடுபடாது.

அப்படியானால் பழைய சோறு? ராத்திரியே தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றில் நொதித்தல் நடக்கிறது, அமிலம் ஏறுகிறது. கதை கொஞ்சம் இட்லி மாவின் பக்கம் சாய்கிறது. ஆனால் அதற்குச் சோறு வடித்துச் சூடு ஆறியதுமே தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். மத்தியானச் சோறு ராத்திரி பத்து மணி வரை மேடையில் கிடந்துவிட்டு, பிறகு தண்ணீருக்குள் போனால் நஞ்சு முன்பே உண்டாகியிருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் தரும் அளவு எளிது: சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேலே சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே குளிரில் இருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. பங்குனி, சித்திரை வெயிலில் அடுப்படியே 35 டிகிரியைத் தாண்டும் ஊரில் இரண்டு மணி நேரம் என்பதே தாராளம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். கோழிக் கடையிலிருந்து கறி வந்ததும் சின்க்கில் கொட்டி, குழாயைத் திறந்துவிட்டு, மஞ்சள் போட்டு நாலு தண்ணீரில் அலசுவது வழக்கம். அமெரிக்க வேளாண் துறை 2019-ல் வெளியிட்ட ஆய்வில் 300 பேரைச் சமைக்க வைத்துப் பார்த்தார்கள். கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் சின்க்கில் கறியின் கிருமி இருந்தது. சின்க்கைக் கழுவிய பிறகும் 14 சதவீதம் பேருடையதில் போகவில்லை. 26 சதவீதம் பேரின் கீரை சாலட்டுக்கும் அது தாவிவிட்டது. அதைவிடச் சுவாரசியம், கோழியைக் கழுவாதவர்களிலும் 31 சதவீதம் பேரின் சாலட்டில் கிருமி இருந்தது. அவர்கள் கையைச் சரியாகக் கழுவவில்லை.

கழுவாமல் சமையுங்கள் என்று அமெரிக்கர்கள் சொல்வதை அப்படியே இங்கே சொல்ல முடியாது. அங்கே கறி பாக்கெட்டில் வருகிறது. இங்கே திறந்த கட்டையில் வெட்டி, இறகும் எலும்புத் தூளும் ஒட்டி வருகிறது. அலசத்தான் வேண்டும். ஓடும் குழாயில் வேண்டாம். ஓர் அகலமான போசியில் தண்ணீர் பிடித்து, தெறிக்காமல் அலசி, அந்தத் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிடலாம். பக்கத்தில் கவிழ்த்திருக்கும் தட்டு டம்ளரை முன்பே நகர்த்திவிட வேண்டும். முதலில் கொத்தமல்லி, வெங்காயம், தக்காளியை நறுக்கி எடுத்து வைத்துவிட்டு, கறியைக் கடைசியாகத் தொடுவது இன்னும் நல்லது. மஞ்சள் வாடையைப் போக்கும். சால்மோனெல்லாவைக் கொல்வது நெருப்பு. பள்ளிபாளையம் சிக்கனாக இருந்தாலும் சிந்தாமணி சிக்கனாக இருந்தாலும் உள்ளே 70 டிகிரியைத் தொட்டுவிட்டால் கவலை இல்லை.

இத்தனையும் செய்துவிட்டுக் கடைசியில் எல்லாவற்றையும் துடைக்கிற பொருளே அழுக்காக இருந்தால்? ஜெர்மனியின் ஃபுர்ட்வாங்கன் பல்கலைக்கழகத்தார் 2017-ல் வீடுகளில் பயன்படுத்திய 14 ஸ்பாஞ்சுகளை ஆராய்ந்தார்கள். சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 5,000 கோடிக்கும் மேல் பாக்டீரியா இருந்தது. அத்தனையும் நோய் தருபவை அல்ல. ஆனாலும், அடிக்கடி சுத்தம் செய்ததாகச் சொன்னவர்களின் ஸ்பாஞ்சும் மற்றவர்களுடையதைவிட மேலாக இல்லை என்பது கவனிக்கத்தக்கது. எப்போதும் ஈரம், எப்போதும் சோற்றுத் துணுக்கு. கிருமிக்கு வேறென்ன வேண்டும்? நார்வேயின் நோஃபிமா ஆய்வு நிறுவனம் ஸ்பாஞ்சையும் பிரஷ்ஷையும் ஒப்பிட்டுப் பார்த்தது. சீக்கிரம் காய்ந்துவிடும் பிரஷ்ஷில் சால்மோனெல்லா செத்துப்போனது. வெயிலில் காயும் தேங்காய் நாரும் பீர்க்கங்காய்க் கூடும் அந்த ஜாதிதான். பாத்திரம் விளக்கியதும் நாரை உதறி வெயில் படும் ஜன்னலில் போட்டால் அடுத்த வேளைக்குள் காய்ந்துவிடும். சோப்புப் பெட்டியின் தேங்கிய தண்ணீரில் ஊறுகிற நாருக்கு அந்தப் பலன் இல்லை.

கைப்பிடித் துணி இன்னும் மோசம். அடுப்பிலிருந்து இறக்கவும், மேடையைத் துடைக்கவும், ஈரக் கையைத் துடைக்கவும், குழந்தையின் வாயைத் துடைக்கவும் ஒரே துணி. இரண்டு துணி, தினமும் துவைத்து வெயிலில் உலர்த்தல், அவ்வளவுதான் தீர்வு. இதற்கென்று விலை கூடிய கிருமிநாசினி எதையும் வாங்கத் தேவையில்லை. வாங்குபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடைத்துக்கொண்ட சின்க்கில் பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னலில்லாத சின்ன அடுப்படியில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.

இந்த வேலைகளையெல்லாம் எந்த நேரத்தில் செய்வது என்பது வேறொரு கேள்வி. போத்தனூர் நேரத்தோடு ஓடுகிற ஊர். 1862-ல் சென்னையிலிருந்து பேப்பூருக்குப் போன ரயில் பாதை இந்த ஊர் வழியாகத்தான் போனது. கோவை நகரத்துக்கு ரயில் வந்தது அதற்குப் பிறகு. ரயில்வே ஷிப்டு, மில் ஷிப்டு, பட்டறை வேலை என்று ஆளுக்கொரு நேரத்தில் கிளம்புகிற வீடுகளில் விடிகாலை ஐந்து மணிக்கு ஆக்கிய அரிசிம்பருப்பும் குழம்பும் ராத்திரி வரை ஓட வேண்டியிருக்கிறது. புளிக்குழம்பு தாங்கும். தேங்காய் அரைத்துவிட்ட குழம்பும் பருப்பும் வெயில் நாளில் மத்தியானத்தைத் தாண்டுவதே சந்தேகம். பெரிய போசியில் நிறையக் குழம்பை அப்படியே ஆறவிட்டால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். அகலமான சிறு பாத்திரங்களில் பிரித்து, பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைத்தால் அரை மணியில் ஆறிவிடும். ஆறியதும் ராத்திரிப் பங்கு ஃபிரிட்ஜுக்குப் போகலாம்.

வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார் என்பதையும் இங்கே கேட்க வேண்டியிருக்கிறது. கணவர், பிள்ளைகள், மாமனார் என்று எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியின் அடியில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிடுவது பெரும்பாலான வீடுகளில் சமைத்த பெண்தான். அதிக நேரம் மேடையில் கிடந்த சோறும் அவர் தட்டுக்கே போகிறது. "கொட்ட மனசு வரலீங்க" என்று நேற்றைய குழம்பை முடித்து வைப்பதும் அவரே. சுத்தம் பற்றிய அறிவுரைகள் எல்லாம் இல்லத்தரசிகளுக்கு என்று தலைப்பிட்டு வருகின்றன. குழம்பு ஆறியதும் அவருடைய பங்கையும் ஒரு டப்பாவில் எடுத்து முதலிலேயே ஃபிரிட்ஜில் வைக்கிற வேலையையாவது வீட்டிலுள்ள வேறொருவர் செய்யலாம்.